திருச்சியா, சேலமா? பகல் முழுவதும் ஊரில் இருக்கப்போவது யார்?

சென்னையைக் காலி செய்வது என்று ஒரே வாரத்தில் முடிவெடுத்துவிட்டோம். எந்த ஊருக்குப் போவது என்பதை முடிவு செய்ய எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதத்தில் நாங்கள் விசாரித்ததையும் நேரில் போய்த் தங்கிப் பார்த்ததையும் எழுதிவைக்கிறேன். இதே குழப்பத்தில் இருக்கும் குடும்பங்கள் நிறைய என்று தெரியும்.

முதலில் எங்கள் வீட்டு நிலவரம். மடிப்பாக்கத்தில் இரண்டு படுக்கையறை வீடு, வாடகை 24,000, பராமரிப்பு தனி, கோடை வந்தால் தண்ணீர் லாரிக்குத் தனிக் கணக்கு. கணவர் பெங்களூரில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். மாதம் இரண்டு முறை நேரில் போய்த் தலைகாட்ட வேண்டும். நான் சிறு கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் ஜிஎஸ்டி கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். மகள் எட்டாவது முடித்திருந்தாள். கூடவே அத்தை, என் கணவரின் அம்மா. 69 வயது, சர்க்கரை உண்டு, முட்டி வலி உண்டு, நடக்க முடியும். இருவருமே வீட்டிலிருந்து வேலை செய்யும்போது, வாடகையில் பாதியைக் கடலுக்குப் பக்கத்தில் இருப்பதற்காகக் கொடுக்கிறோமோ என்ற கேள்வி வந்துகொண்டே இருந்தது. கடற்கரைக்கு வருடத்தில் இரண்டு முறை போனால் அதிகம்.

கோயம்புத்தூரை முதலிலேயே எடுத்துவிட்டோம். நல்ல ஊர், நல்ல காற்று. ஆனால் நாங்கள் விரும்பிய பகுதிகளில் வாடகை மடிப்பாக்கத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. மதுரையை எடுக்க மனசு வரவில்லை. இரவு 11 மணிக்கும் சூடாக இட்லி கிடைக்கிற ஊர், கண் என்றால் 1976-இலிருந்து அரவிந்த் இருக்கிற ஊர். ஆனால் எங்களுக்கு அங்கே சொந்தபந்தம் யாரும் இல்லை, சென்னையும் பெங்களூரும் இரண்டுமே தூரம். ஆக, மிச்சம் திருச்சியும் சேலமும்.

அளவில் இரண்டும் ஒன்றுக்கொன்று சளைத்தவை இல்லை. 2011 கணக்கெடுப்பில் இரண்டு மாநகரங்களுமே 8 லட்சத்தைத் தாண்டியிருந்தன. 1994-இல்தான் இரண்டும் மாநகராட்சி ஆயின. சென்னையிலிருந்து இரண்டுமே 330, 340 கிலோமீட்டர். தண்ணீர்கூட ஒரே ஆற்றுத் தண்ணீர்தான். சேலம் மாவட்டத்தில் இருக்கும் மேட்டூர் அணையில் திறந்துவிட்டால், அடுத்த சில நாளில் திருச்சி முக்கொம்புக்கு வந்து சேரும். இவ்வளவு ஒற்றுமை இருந்தும், இரண்டு ஊரிலும் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எவ்வளவு வேறு வேறாக இருக்கிறது என்பது போய்த் தங்கிய பிறகுதான் தெரிந்தது.

பள்ளி விடுமுறையில் ஒவ்வொரு ஊரிலும் மூன்று வாரம் இருப்பது என்று திட்டம். சேலத்தில் நாத்தனார் வீடு, அழகாபுரத்தில். திருச்சியில் என் சித்தி வீடு, திருவானைக்காவலில். வேண்டுமென்றே கோடையைத் தேர்ந்தெடுத்தோம். மே மாதத்தில் பிடித்துப்போன ஊர் மற்ற பதினோரு மாதமும் பிடிக்கும்.

சேலத்தில் மூன்று வாரம்

சேலத்தில் எந்தத் தெருவில் நின்று நிமிர்ந்து பார்த்தாலும் ஒரு மலை தெரியும். வடக்கே சேர்வராயன் மலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை. நாத்தனார் வீட்டு மொட்டை மாடியில் சாயங்காலம் நின்றால் ஏற்காட்டுப் பக்கம் கருமேகம் திரள்வது தெரியும். சில நாள் ஏமாற்றும். சில நாள் அரை மணி நேரம் இடியோடு கொட்டிவிட்டு ஊரையே குளிர வைத்துவிடும். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, திருச்சி 100 மீட்டருக்கும் கீழே. பகல் வெயிலில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. விடியற்காலையில் தெரிந்தது. சேலத்தில் நான்கு மணிக்கு மேல் போர்வையை இழுத்துக்கொள்ளத் தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பி, 20 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி, ஏற்காட்டில் டீ குடித்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பினோம். மகள் அன்றைக்கே தன் ஓட்டைச் சேலத்துக்குப் போட்டுவிட்டாள்.

சேலத்தை அவளுக்கு நெருக்கமாக்கிய இன்னொன்று தட்டுவடை செட். நாத்தனார் வீட்டுத் தெருமுனையில் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு தள்ளுவண்டி வந்து நிற்கும். அந்த அம்மா உள்ளங்கை அளவுகூட இல்லாத தட்டுவடைகளைத் தட்டில் வரிசையாகப் பரப்புவார். ஒவ்வொன்றின் மேலும் சிவப்புச் சட்னி ஒரு சொட்டு, பச்சைச் சட்னி ஒரு சொட்டு. துருவிய கேரட்டும் பீட்ரூட்டும் பொடியாக நறுக்கிய வெங்காயமும் கலந்ததை ஒரு சிட்டிகை அள்ளி வைத்து, மேலே இன்னொரு தட்டுவடையை மூடி, கட்டை விரலால் லேசாக ஒரு அழுத்து. நமுத்துப்போகும் முன் வாயில் போட வேண்டும், அதனால் யாரும் பார்சல் கேட்பதில்லை. வண்டியைச் சுற்றி நின்றபடியே சாப்பிடுவார்கள், நின்றபடியே பேசுவார்கள். மூன்றாவது நாள் அந்த அம்மா என் மகளைப் பார்த்து, "பூண்டு செட்டுதானே கண்ணு, காரம் கம்மியா?" என்று கேட்டார். மடிப்பாக்கத்தில் ஆறு வருடம் இருந்தும் அவளுக்கு என்ன பிடிக்கும் என்று எந்தக் கடைக்காரருக்கும் தெரியாது.

வேலை என்று பார்த்தால், என் மாதிரி ஆளுக்குச் சேலம் தங்கமான ஊர். ஊர் முழுக்கச் சிறு தொழில். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் போனால் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள். கம்பி இழுப்பது ஒரு வீட்டில், கோத்துப் பற்றவைப்பது இன்னொரு வீட்டில், மெருகு போடுவது மூன்றாவது வீட்டில் என்று ஒரு ஜோடிக் கொலுசு பல கை மாறித்தான் கடைக்கு வருகிறது. அதே பேட்டையில் லீ பஜார் மொத்த வியாபாரம். சுற்று வட்டாரத்தில் மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசி எடுக்கும் ஆலைகள். அந்த உற்பத்தியை விற்றுக் கொடுக்க 1981-இலிருந்து சேகோசர்வ் கூட்டுறவு சங்கம். இன்னொரு பக்கம் விசைத்தறி, வெண்பட்டு, லாரித் தொழில். நாத்தனார் வீட்டுக்காரர் அறிமுகப்படுத்தியே இரண்டு வாரத்தில் மூன்று பட்டறைக்காரர்கள் கணக்குப் பார்க்க முடியுமா என்று கேட்டார்கள். கணினி வேலைக்கும் எல்காட் பூங்கா இருக்கிறது, 2024-இல் மினி டைடல் பூங்காவும் திறந்தார்கள்.

சேலத்துக்காரர்களுக்கு வேலை மேல் ஒரு பிடிப்பு. பேச்சில் "ங்க" போட்டு மரியாதையாகப் பேசுவார்கள், பேசும்போதே கை வேலையில் இருக்கும். காலை ஏழு மணிக்கே கடைத்தெரு விழித்துவிடுகிறது. எனக்கு அந்த வேகம் பிடித்தது.

வாடகை? அழகாபுரம், ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் நாங்கள் பார்த்த இரண்டு படுக்கையறை வீடுகள் 12,000-இலிருந்து 15,000 வரை சொன்னார்கள். சூரமங்கலம் தாண்டிப் போனால் 9,000, 10,000-க்கே விசாலமான வீடுகள், வாசலில் வண்டி நிறுத்த இடத்தோடு. குரங்குச்சாவடியிலிருந்து ஐந்து ரோடு வழியாகப் போகும் ஈரடுக்கு மேம்பாலம் 2020-இல் முழுதாகத் திறந்த பிறகு, தூரத்தில் வீடு எடுப்பதற்குப் பயப்பட வேண்டியதில்லை. வண்டி இருந்தால் கால் மணி நேரத்தில் ஊரின் எந்த மூலைக்கும் போய்விடலாம்.

அந்த "வண்டி இருந்தால்" என்ற சொல்லை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

திருச்சியில் மூன்று வாரம்

திருச்சி ரயில் நிலையத்தில் இறங்கியதும் வெயில் முகத்தில் அறைந்தது. இதை மறைத்து எழுதிப் பிரயோஜனம் இல்லை. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே சாதாரணம். ராத்திரி பத்து மணிக்கும் மாடித் தரை சுடும். சித்தி வீட்டில் மதியம் பன்னிரண்டரைக்கு மேல் ஜன்னல் கதவுகளைச் சாத்தி, ஈரத் துணியைத் தொங்கவிட்டு, மூன்றரை வரை யாரும் வெளியே தலைகாட்டுவதில்லை. ஏசி இல்லாமல் கோடையைத் தாண்டுவது கஷ்டம். மின் கட்டணத்துக்கு அந்த இரண்டு மூன்று மாதத்தில் கூடுதலாக ஒதுக்கித்தான் ஆக வேண்டும்.

ஆனால் திருச்சிக்கு ஆறு இருக்கிறது. சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் அம்மாமண்டபம் படித்துறையில் போய் உட்கார்ந்தால், மே மாதம் தண்ணீர் ஒரு ஓரமாகத்தான் ஓடுகிறது என்றாலும், மணல் வெளியைத் தாண்டி வரும் காற்று வேறு காற்று. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும் ஒரு தீவாக இருக்கின்றன. ஸ்ரீரங்கத்தில் மக்கள் கோயில் மதிலுக்குள்ளேயே குடியிருக்கிறார்கள். ஏழு பிராகாரங்களில் வெளிச் சுற்றுகளில் வீடு, மளிகைக் கடை, காபிக் கடை, டைலர் எல்லாம் உண்டு. பால் வாங்கப் போகிறவர் கோபுரத்தின் கீழே நுழைந்துதான் வருகிறார். 236 அடி ராஜகோபுரத்தை 1987-இல் கட்டி முடித்தார்கள். அதைச் சுற்றுலாவுக்கு வந்து அண்ணாந்து பார்க்கலாம், அதன் கீழே தினமும் கீரைக்கட்டோடு நடந்தும் போகலாம். ஊரில் வீடு எடுப்பவருக்கு இரண்டாவதுதான் கிடைக்கும்.

தொழிலில் திருச்சி சம்பள ஊர். 1960-களில் வந்த பெல் (BHEL) தொழிற்சாலை, துப்பாக்கித் தொழிற்சாலை, அதற்கும் முன்பே 1920-களில் வந்த பொன்மலை ரயில்வே பணிமனை, அப்புறம் கல்லூரிகள், வங்கிகள். ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சின் செய்து தருவது இன்றும் பொன்மலைதான். மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் ஓட்டுகிற ஊர் என்பதால் கடைத்தெருவில் சேலத்து வேகம் இல்லை. பெல்லுக்கு ஆர்டர் குறைந்தால் துவாக்குடியில் அதை நம்பியிருக்கும் சிறு பட்டறைகள் வாடும். எனக்குப் புதிதாகக் கணக்கு வேலை பிடிப்பது இங்கே மெதுவாகத்தான் நடக்கும் என்று சித்தப்பாவே சொல்லிவிட்டார்.

வாடகை தில்லைநகரில் 16,000, 18,000 வரை போனது. கே.கே. நகரிலும் உறையூரிலும் 11,000-இலிருந்து 13,000. திருவானைக்காவலில் பழைய தனி வீடுகள் 10,000, 12,000-க்கு இருந்தன. முற்றத்தை மூடிக் கட்டிய வீடுகள், சமையலறை கொஞ்சம் இருட்டு. சேலத்தில் அதே பணத்துக்கு இன்னும் புதிய வீடு கிடைக்கும்.

இந்த இடத்தில் பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். சிறு ஊருக்குப் போனால் செலவு பாதியாகிவிடும் என்று நம்பிக்கொண்டு யாரும் கிளம்ப வேண்டாம். வாடகை பாதியாகும். முன்பணமும் குறையும். காய்கறி குறையும், அதுவும் உழவர் சந்தைக்கு நேரத்தோடு போனால். திருச்சி காந்தி மார்க்கெட்டில் சின்ன வெங்காயமும் லால்குடிப் பக்கத்து வாழைப்பழமும், சேலத்தில் மாம்பழ சீசனில் மல்கோவாவும் சென்னை விலையோடு பார்த்தால் சந்தோஷமாக இருக்கும். ஆனால் மளிகை அதே விலை, கேஸ் அதே, மின்சாரம் அதே, இணையம் அதே, பள்ளிக் கட்டணத்தில் நினைத்த அளவு இறக்கம் இல்லை. எங்கள் கணக்கில் இரண்டு ஊரிலும் மிச்சமாகக்கூடியது மாதம் 14,000, 15,000 ரூபாய். இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் 1,000 ரூபாய்க்குள்தான். அதனால் பணத்தை வைத்து இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது.

வீடு பார்க்கும்போது கேட்க வேண்டியவை

தண்ணீர் விஷயத்தில் இரண்டு ஊரிலும் ஒரே கேள்விதான்: இந்தத் தெருவுக்கு ஆற்றுத் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு நேரம்? சேலத்துக்கு மேட்டூரிலிருந்து குழாயில் வருகிறது. திருச்சிக்குக் காவிரி, கொள்ளிடப் படுகையில் உள்ள கிணறுகளிலிருந்து எடுக்கிறார்கள். ஆறு பக்கத்தில் என்பதால் திருச்சியின் பழைய பகுதிகளில் கவலை குறைவு. ஆனால் இரண்டு ஊரிலும் புதிதாக முளைத்த நகர்களில் ஆழ்துளைக் கிணற்றை நம்பித்தான் புழக்கம். அந்தத் தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று அறிய வீட்டுக்காரரைக் கேட்பதைவிடக் குளியலறைக் குழாயைப் பார்ப்பது மேல். வெள்ளையாகப் படிந்திருந்தால் வாஷிங் மெஷினும் கீசரும் படப்போகும் பாடு தெரிந்துவிடும்.

திருச்சியில் இன்னொன்றும் கேட்க வேண்டும். 2005 நவம்பரில் கோரையாறும் குடமுருட்டியும் கரை மீறி மேற்குப் பகுதிகளில் பல நகர்களுக்குள் தண்ணீர் புகுந்தது. உறையூர், கருமண்டபம் பக்கம் வீடு பார்த்தால், "2005-இல் இந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது?" என்று பக்கத்து வீட்டுப் பெரியவரைக் கேளுங்கள். சுவரில் கை வைத்துக் காட்டுவார். சேலத்தில் திருமணிமுத்தாற்றை ஒட்டிய தாழ்வான தெருக்களுக்கும் இதே விசாரணை வேண்டும்.

மருத்துவத்தில் இரண்டும் தைரியமாக இருக்கக்கூடிய ஊர்கள்தான். சேலத்தில் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஊர் நடுவில் இருக்கிறது. திருச்சியில் புத்தூரில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை. தனியார் மருத்துவமனைகளுக்கும் குறைவில்லை. சென்னையில் இன்று பெரிதாக நிற்கும் காவேரி மருத்துவமனை தொடங்கியதே திருச்சியில்தான். அத்தைக்குத் தேவை மாதம் ஒரு சர்க்கரை டாக்டர், எப்போதாவது ஒரு எலும்பு டாக்டர். சென்னையில் இதற்கு ஒரு முழு நாள் போகும். இங்கே இரண்டு ஊரிலும் பதினோரு மணிக்குள் வீடு திரும்பிவிடலாம்.

படிப்பில் வித்தியாசம் பெரிது. சேலம், ராசிபுரம், நாமக்கல் வட்டாரம் மதிப்பெண்ணுக்குப் பேர் போனது. விடுதியோடு சேர்ந்த பள்ளிகள், விடிகாலை நான்கரைக்குப் படிப்பு, இரவு பத்து வரை தேர்வு. மருத்துவம் என்று தீர்மானித்துவிட்ட பிள்ளைகளுக்கு அது பலன் கொடுத்திருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். நான் என் மகளை அப்படி ஒரு இடத்தில் விட மாட்டேன். அது என் பிடிவாதம். திருச்சி கல்லூரிகளின் ஊர். செயின்ட் ஜோசப், பிஷப் ஹீபர், ஹோலி கிராஸ், நேஷனல், ஜமால் முகமது, சீதாலட்சுமி ராமசுவாமி என்று அடுக்கலாம். துவாக்குடியில் 1964-இலிருந்து இன்றைய என்ஐடி, புதுக்கோட்டைச் சாலையில் ஐஐஎம். பத்தாவது முடித்த பிள்ளை பஸ்ஸில் போகும்போதே கல்லூரிப் பிள்ளைகளைப் பார்க்கிறாள், என்ன படிக்கிறீர்கள் அக்கா என்று கேட்கிறாள். சேலத்திலும் அரசுப் பொறியியல் கல்லூரி, பெரியார் பல்கலைக்கழகம் எல்லாம் உண்டு. ஆனால் ஊரின் நடுத்தெருவில் புத்தகத்தோடு நடக்கிற கூட்டம் திருச்சியில்தான் கண்ணில் பட்டது.

பயணத்தில் சேலத்துக்கே முழு மதிப்பெண். பெங்களூர் 200 கிலோமீட்டர், நான்கு மணி நேரத்தில் போய்ச் சேரலாம். சென்னை, கோவை பக்கம் போகும் ரயில்கள் நாள் முழுக்க. திருச்சியிலிருந்து பெங்களூருக்கு ராத்திரிப் பயணம்தான் சரி. மயிலாடுதுறை வழியாக மைசூரு போகும் எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் விடிகிறபோது பெங்களூர். சென்னைக்குத் திருச்சியில் கவலையே இல்லை. பல்லவன், வைகை, மலைக்கோட்டை, 2023-இலிருந்து திருநெல்வேலி வந்தே பாரத். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்குத் திருச்சி விமான நிலையம் பெரிய வசதி. சிங்கப்பூர், கோலாலம்பூருக்கு நேராக ஏறலாம், 2024 ஜனவரியில் புது முனையமும் திறந்தாயிற்று. எங்கள் வீட்டில் வெளிநாட்டில் யாரும் இல்லை.

அத்தையின் பகல்

இதுவரை எழுதியதைக் கூட்டிப் பார்த்தால் சேலம்தான் முன்னால் நிற்கிறது. கணவருக்குப் பெங்களூர் பக்கம், எனக்கு வேலை, மகளுக்கு ஏற்காடும் நாத்தனார் மகளும். போதாக்குறைக்கு அத்தைக்குச் சொந்த மகள் வீடு. ஜூன் முதல் வாரம் சென்னை திரும்பும்போது, சேலம் என்றே மூவரும் பேசிக்கொண்டு வந்தோம். அத்தை ஜன்னல் ஓரமாக எதுவும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்து, அந்த ஆறு வாரத்தின் செலவுகளை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். சேலத்து மூன்று வாரத்தில் அத்தை பேரில் ஆட்டோ செலவு தவிர எதுவும் இல்லை. திருச்சிப் பக்கத்தில் அத்தை பேரில் சின்னச் சின்னதாக நிறைய: மல்லிகைப் பூ 20, வெற்றிலை 10, காபி 15, ஒரு கட்டு முளைக்கீரை, கோயில் யானை அகிலாவுக்கு வாழைப்பழம். அந்த வரிசையைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

சேலத்தில் அத்தை மூன்று வாரத்தில் தனியாக வெளியே போனது இரண்டே முறை. நாத்தனார் தங்கமாகப் பார்த்துக்கொண்டார். "எங்கே போகணும்னாலும் சொல்லும்மா, சாயங்காலம் கூட்டிட்டுப் போறேன்" என்று தினமும் சொல்வார், கூட்டிக்கொண்டும் போனார். கோட்டை மாரியம்மன் கோயிலுக்கு ஆட்டோவில், உழவர் சந்தைக்கு ஸ்கூட்டரில். ஆனால் பகலில் அகலமான அந்தக் குடியிருப்புத் தெருவில் நடமாட்டம் இல்லை. எல்லாரும் வேலைக்குப் போய்விட்டார்கள், கேட்டுகள் பூட்டியிருந்தன. மெயின் ரோட்டைக் கடக்க அத்தைக்குப் பயம். பத்து மணிக்கு டிவி, ஒரு மணிக்குச் சாப்பாடு, தூக்கம், ஐந்து மணிக்கு வாசலில் நாற்காலி. ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்ப்பார்.

திருவானைக்காவலில் முதல் இரண்டு நாள் சித்தி கூடப் போனார். மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்குத் தானாகச் செருப்பை மாட்டிக்கொண்டு, "இதோ வரேன்மா" என்று கிளம்பிவிட்டார். முனையில் கீரைக்காரி. நான்கு கடை தள்ளிக் காபி. கோயில் பிராகாரத்தில் நிழலிலேயே நடை, முட்டிக்கு அந்தக் கல்தளம் இதமாக இருக்கிறது என்றார். மதியம் உச்சிக்காலப் பூஜைக்கு மறுபடியும் கிளம்புவார். இந்தக் கோயிலில் அந்த வேளையில் அர்ச்சகர் அகிலாண்டேசுவரியாகப் புடவை சுற்றிக்கொண்டு வந்து ஜம்புகேசுவரருக்குப் பூஜை செய்வார், பசுவுக்கும் பூஜை உண்டு. தினமும் நடப்பது. அதைப் பார்க்கத் தினமும் வருகிற பெண்கள் ஏழெட்டுப் பேர். ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், பெல்லில் வேலை பார்த்தவரின் மனைவி ஒருவர், பூக் கட்டி விற்கும் அம்மா ஒருவர். இரண்டாவது வாரமே அத்தை அவர்களில் ஒருவராகிவிட்டார். ஒரு நாள் வர நேரமாகிவிட்டது என்று பதறிப்போய்ப் பார்த்தால், அந்த டீச்சரோடு 1-ஆம் நம்பர் பஸ்ஸில் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வரை போய் ஜாக்கெட் துணி வாங்கிக்கொண்டு வருகிறார். அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-இலிருந்து டிக்கெட் இல்லை. "காசே இல்லாம ஆத்தைத் தாண்டிப் போய்ட்டு வந்தேன்" என்று குழந்தை மாதிரிச் சொன்னார்.

நோட்டை மூடிவிட்டு அத்தையிடம் போய்க் கேட்டேன். "உங்களுக்கு எந்த ஊர் அத்தை?"

"எனக்கென்னம்மா, நீங்க எங்க இருக்கீங்களோ அங்க."

"அது இல்லை. நிஜமாச் சொல்லுங்க."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார். "சேலத்துல என்னைக் கூட்டிட்டுப் போறாங்க. திருச்சியில நானே போறேன்."

ஊரை ஒப்பிடும்போது நாம் எல்லாருமே சம்பாதிக்கிறவரின் பயணத்தையும் பிள்ளையின் பள்ளியையும் வைத்துக் கணக்குப் போடுகிறோம். காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை அந்த ஊரில் நிஜமாக வாழப்போகிறவர் யார் என்று கேட்பதில்லை. என் கணவரும் நானும் பகல் முழுக்கக் கணினித் திரைக்குள் இருப்போம், மகள் பள்ளியில் இருப்பாள். ஊரின் வெயில், நிழல், நடைபாதை, பக்கத்துத் தெரு, பஸ் எல்லாமே அத்தை ஒருவருக்குத்தான். அந்த ஒருவரைத்தான் நாங்கள் கேட்கவே இல்லை.

இதில் சேலத்துக்கு ஓர் அநியாயம் நடந்துவிடக்கூடாது. நாங்கள் தங்கியது புதிய குடியிருப்புப் பகுதி. சேலம் கோட்டை, செவ்வாய்ப்பேட்டை, அம்மாபேட்டை பக்கம் வீடு கிடைத்திருந்தால் அத்தைக்கு அங்கேயும் கீரைக்காரியும் கோயிலும் ஆடித் திருவிழாவும் வாசலிலேயே கிடைத்திருக்கும். அதேபோல, திருச்சியில் பஞ்சப்பூர் பக்கம் ஒரு புதிய நகரில் வீடு எடுத்திருந்தால் அங்கேயும் டிவிதான். 2025-இல் புதிய பேருந்து முனையம் வந்த பிறகு அந்தப் பக்கம் மனை விற்பனை சூடாக நடக்கிறது, விளம்பரத்தைப் பார்த்து மயங்குகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். சேலத்தின் பழைய பேட்டைகளில் நாங்களும் இரண்டு நாள் அலைந்து பார்த்தோம். எங்களுக்கு ஏற்ற வீடு எல்லாமே மாடியில் இருந்தது. செங்குத்தான படி, அத்தையின் முட்டிக்கு ஆகாது.

ஆகவே நான் இப்படிச் சொல்வேன். இருவரும் வேலைக்கு வெளியே போகிறவர்கள், வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள், வீட்டில் வயதானவர் இல்லை, பெங்களூரிலோ கோவையிலோ தொழில் தொடர்பு என்றால் யோசிக்காமல் சேலம். சொந்தமாகச் சிறு தொழில் தொடங்கும் எண்ணம் இருந்தாலும் சேலம். வெயில் ஒத்துக்கொள்ளாத உடம்பு என்றாலும் சேலம்தான், திருச்சி மே மாதத்தில் இரக்கம் காட்டாது. வீட்டில் பகல் முழுக்க ஒரு பெரியவர் இருக்கிறார், அவரால் அரை கிலோமீட்டர் நடக்க முடியும், வண்டி ஓட்டத் தெரியாது என்றால் திருச்சி. அதுவும் தீவுப் பக்கமோ, மலைக்கோட்டையைச் சுற்றியோ, உறையூரின் பழைய தெருக்களிலோ.

கணவரைச் சம்மதிக்க வைக்க நான் பேச வேண்டியிருக்கவில்லை. அத்தை சொன்னதை அப்படியே சொன்னேன். பெங்களூருக்கு ராத்திரி ரயிலில் போய்க்கொள்கிறேன் என்றார். மகள் அழுதாள். வருடா வருடம் மே மாதம் முழுக்கச் சேலத்தில் நாத்தனார் வீட்டில் விடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறோம். திருச்சி வெயிலுக்கு அவளுக்கும் அது நல்லது. சேலத்துப் பட்டறைக்காரர்கள் மூவரில் இருவருடைய கணக்கை இங்கிருந்தே பார்க்கிறேன், பில்களை வாட்சப்பில் அனுப்பிவிடுகிறார்கள்.

ஜூலையில் சாமான்களை ஏற்றினோம். திருவானைக்காவலில் தரைத்தளம், 11,500 வாடகை, சமையலறை இருட்டுதான், பகலிலும் விளக்குப் போட வேண்டியிருக்கிறது. பதினோரு மாத ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். வீட்டுச் சாவி நான்கு செய்தோம். சென்னையில் ஆறு வருடமாக அத்தையிடம் சாவி இருந்ததில்லை, தேவைப்பட்டதும் இல்லை. இப்போது அதைக் கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, பதினொன்றரைக்கு உச்சிக்காலப் பூஜைக்குக் கிளம்பிவிடுகிறார். நான் திரையிலிருந்து தலையைத் தூக்குவதற்குள் கேட் சாத்தும் சத்தம் கேட்கிறது.